பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி சார்ஜரைப் பாருங்க

வேனுக்குள்ள கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ்னு செஞ்சு ஊர் சுத்துறவங்க சென்னையில இப்ப நெறைய ஆயிட்டாங்க, பாக்க சந்தோஷமா இருக்கு. ஆனா யார்கிட்ட பேசினாலும் கடைசில ஒரே புலம்பல்தான். எஞ்சின் பேட்டரி நல்லா இருக்கு, உள்ள லைட்டு ஃபேனுக்குனு தனியா போட்ட ஆக்ஸிலரி பேட்டரி மட்டும் ரெண்டு வருஷம்கூட தாங்க மாட்டேங்குது. கடையில கேட்டா "நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான் சார்"னு சொல்லி புதுசா ஒரு செட்டைத் தூக்கிக் குடுத்துடுறாங்க. எனக்கு இதைக் கேட்டாலே கோவம் வருது. வெயிலும் ஒரு காரணம்தான், இல்லைங்கல. ஆனா நான் பாத்த வண்டிகள்ல பேட்டரியைக் கொன்னது பெரும்பாலும் சார்ஜர்தான்.

மடிப்பாக்கத்துல என் மச்சான் ஒரு டெம்போ டிராவலரை கேம்பரா மாத்தி வச்சிருக்கான். பின்னாடி கட்டிலுக்கு அடியில பிளைவுட் பெட்டி, அதுக்குள்ள 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) எஸ்எம்எஃப் பேட்டரி (தண்ணி ஊத்த வழியில்லாம சீல் பண்ணின வகை) ரெண்டு, பேரலல்ல, அதாவது பாசிட்டிவோட பாசிட்டிவ், நெகட்டிவோட நெகட்டிவ் சேத்து. கத்திரி வெயில் நேரம், வண்டியை வீட்டு வாசல்ல நிறுத்தி கரண்ட்ல சொருகியே வச்சிருந்தான். கதவைத் தொறந்தா அழுகின முட்டை நாத்தம், ரெண்டு பேட்டரியும் பக்கவாட்டுல உப்பிக் கெடக்கு. "மாமா, சரக்கே சரியில்ல, வேற பிராண்ட் போட்டுடலாம்"ங்கிறான். மொதல்ல மீட்டரை எடுடான்னேன். ராத்திரி முழுக்க சார்ஜ்ல இருந்த பேட்டரி, உள்ள ஒரு லைட்டுகூட எரியல, காலையில டெர்மினல்ல வச்சா 14.7 வோல்ட். வண்டியை கன்வெர்ட் பண்ணிக் குடுத்தவங்க போட்ட சார்ஜர் அது, பேரும் இல்ல மாடலும் இல்ல, ஒரு தகர டப்பா.

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரின்னா உள்ள 6 செல். முழுசா சார்ஜ் ஆகி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் பக்கத்துல காட்டும், 12.2க்கு வந்தா பாதி காலி. சார்ஜர் மொதல்ல முழு கரண்ட்டையும் தள்ளி வோல்ட்டேஜை 14.4 வரைக்கும் ஏத்தணும், அப்புறம் அங்கேயே பிடிச்சு வச்சு கரண்ட் தானா கொறையுற வரைக்கும் காத்திருக்கணும், அது கொறைஞ்சதும் 13.5 பக்கத்துக்கு எறங்கிடணும். பல்க், அப்சார்ப்ஷன், ஃப்ளோட்னு சொல்றது இந்த மூணு கட்டத்தைத்தான். மச்சான் வண்டியில இருந்த டப்பாவுக்கு மூணாவது கட்டமே கெடையாது. சாப்பிட்டு இலையை மூடினவருக்கு மறுபடி மறுபடி சாதம் போட்டா என்ன ஆகும்? உள்ள இருக்குற தண்ணி ஹைட்ரஜன், ஆக்சிஜனா பிரிஞ்சு போகுது, பாசிட்டிவ் பிளேட்டோட கிரிட் அரிச்சுப் போகுது. டியூபுலர் பேட்டரின்னா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓரளவு சமாளிக்கலாம். எஸ்எம்எஃப்ல அதுக்கும் வழியில்ல, போன தண்ணி போனதுதான்.

இதுக்கு நேர் எதிரான கேஸும் இருக்கு. சில பழைய சார்ஜர் எப்பவும் 13.8 வோல்ட்லயே நிக்கும். கேக்க பத்திரமா தெரியும், ஆனா வாரக் கடைசில நல்லா இழுத்து செலவு பண்ணின பேட்டரியை அது முழுசா நிரப்ப ரொம்ப நேரம் எடுக்கும், அதுக்குள்ள நாம அடுத்த ட்ரிப் கெளம்பிடுவோம். பாதி சார்ஜ்லயே கெடந்து கெடந்து பிளேட்ல சல்ஃபேட் இறுகி கெப்பாசிட்டி போயிடும்.

இப்ப வெயிலுக்கு வரேன், ஏன்னா சென்னைக்காரங்க கவனிக்க வேண்டிய விஷயமே இதுதான். அந்த 14.4ங்கிறது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. சூடு ஏற ஏற வோல்ட்டேஜைக் கொறைக்கணும், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு சுமாரா 24 மில்லிவோல்ட். பெட்டிக்குள்ள 40 டிகிரின்னா (மே மாசம் மூடின வண்டிக்குள்ள 40ங்கிறது கம்மி) 14.4க்கு பதிலா 14.04தான் குடுக்கணும், ஃப்ளோட் 13.1 பக்கம் வந்துடணும். அதே வண்டியை கொடைக்கானல்ல 10 டிகிரி குளிர்ல நிறுத்தினா 14.7க்கு மேல வேணும். ரெண்டுக்கும் நடுவுல 0.7 வோல்ட் வித்தியாசம், இதை நாம கையால மாத்திட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் பேட்டரி மேல ஒட்டுற டெம்பரேச்சர் சென்சார் உள்ள சார்ஜர் வாங்கச் சொல்றேன். 10 டிகிரி சூடு ஏறினா பேட்டரி ஆயுசு கிட்டத்தட்ட பாதி ஆயிடும்னு எல்லா எலக்ட்ரீஷியனும் சொல்றாங்க, சரிதான், அப்ப சூட்டுல சார்ஜரை அடக்கி வைக்கணும்னு மட்டும் ஏன் யாரும் சொல்றதில்ல?

புது சார்ஜர் எத்தனை ஆம்ப்னு கேப்பீங்க. மொத்த ஏஎச்ல 10லேர்ந்து 20 சதவீதம். 200 ஏஎச்சுக்கு 20 ஆம்ப்லேர்ந்து 40 ஆம்ப் வரைக்கும் ஓகே, மச்சானுக்கு 20 ஆம்ப் போட்டோம். பேட்டரி டைப் செலக்ட் பண்ற வசதி கண்டிப்பா இருக்கணும், ஜெல், ஏஜிஎம் (ஆசிடைக் கண்ணாடி நார்ப் பாயில ஊற வச்ச வகை), டியூபுலர்னு லெட் ஆசிட்லயே இருக்குற வகை எல்லாத்துக்கும் ஒரே வோல்ட்டேஜ் கெடையாது. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா ரெண்டுங்கெட்டான் சார்ஜர் நெறைய காட்டுவாங்க, விலை கம்மியா இருக்கும், டேட்டா ஷீட் கேளுங்க, இல்லைன்னா நடையைக் கட்டுங்க. நல்லது வாங்கினா ஒரு பேட்டரி விலை பக்கம் வரலாம். அது பெருசாத் தெரிஞ்சா, இதுவரைக்கும் எத்தனை பேட்டரி மாத்தினீங்கன்னு கூட்டிப் பாருங்க.

வயரிங்ல கோட்டை விடுறவங்களும் அதிகம். சார்ஜர்லேர்ந்து பேட்டரிக்கு 3 மீட்டர்னா போக வர 6 மீட்டர், 4 ஸ்கொயர் (உள்ள செம்போட குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர்) வயர் போட்டா 20 ஆம்ப் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போயிடும். 16 ஸ்கொயர் போடுங்க, பேட்டரி பக்கத்துலேயே ஃப்யூஸ் போடுங்க, சார்ஜரை பேட்டரி இருக்குற அதே மூடின பெட்டிக்குள்ள வைக்காதீங்க, சூடும் சேரும் கேஸும் சேரும். ரெண்டு பேட்டரி பேரலல்ல இருந்தா பாசிட்டிவை ஒரு பேட்டரியிலேர்ந்தும் நெகட்டிவை அடுத்ததுலேர்ந்தும் எடுங்க, இல்லைன்னா ஒண்ணு மட்டும் ஒழைச்சு சாகும். மாத்தும்போதும் ரெண்டையும் சேத்தே மாத்தணும், பழசோட புதுசைக் கட்டினா பழசு புதுசையும் இழுத்துட்டுப் போயிடும்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்லேர்ந்து (எஞ்சின் சுத்தி கரண்ட் எடுக்குற ஜெனரேட்டர்) ஏறுற சார்ஜ் தனிக் கதை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது வண்டிகள் பலதுல ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் ஒரே மாதிரி நிக்காது, அங்க ரெண்டு பேட்டரியையும் சும்மா இணைச்சு விடுற சாதா ரிலே போதாது, வர்ற வோல்ட்டேஜ் எப்படி இருந்தாலும் பேட்டரிக்கு வேண்டியதா மாத்திக் குடுக்குற டிசி டு டிசி சார்ஜர் வேணும். லித்தியம் போட்டுட்டா தொல்லை விட்டுதுன்னு நெனைக்கிறவங்களுக்கும் சொல்றேன், இறுகின சல்ஃபேட்டைக் கரைக்க டீசல்ஃபேஷன்னு 15 வோல்ட்டுக்கு மேல அடிக்கிற பழைய சார்ஜரை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரில மாட்டினா அதுக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) கட் பண்ணிடும், அதோட அன்னிக்கு ராத்திரி வண்டி இருட்டு.

காசைத் தாண்டி ஒரு விஷயம் எனக்கு மனசுல உறுத்துது. நாம தூக்கிப் போடுற ஒவ்வொரு பேட்டரிக்குள்ளயும் ஈயமும் ஆசிடும் இருக்கு. 2022ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படி பழசைத் திரும்ப வாங்க வேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு இருக்கு, அதனால தெருவுல வர்ற காயலான் வண்டிக்குப் போடாம கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் பண்ணுங்க. எங்கயோ திறந்த வெளியில ஈயம் உருக்குற எடத்துல புகையைச் சுவாசிக்கிறது யாரோ ஒருத்தர் வீட்டுக் கொழந்தைங்க.

கேம்பர் கட்டிக் குடுக்குறவங்ககிட்டயும் கேக்குறேன். சோஃபா துணி என்ன கலர்னு கோட்டேஷன்ல எழுதுறீங்க, சார்ஜர் என்ன மாடல், எத்தனை ஆம்ப், சென்சார் உண்டா இல்லையான்னு ஒரு வரி எழுத மாட்டீங்களா? புதுசா வண்டி பண்ணக் குடுக்குறவங்க அந்த வரி இல்லாத கோட்டேஷனுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஏற்கனவே வண்டி வச்சிருக்கவங்க இன்னிக்கு ராத்திரி கரண்ட்ல சொருகிட்டு, காலையில சார்ஜர் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினல்ல மீட்டர் வச்சுப் பாத்து, எவ்ளோ வோல்ட், என்ன டைப் பேட்டரின்னு கீழ கமெண்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா பாத்து பதில் சொல்றேன்.