மாலை போட்டால் மட்டும் எப்படி விடுகிறான்?

குடிக்கிற ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொடாம இருக்கான்ல? பழனிக்கு நடக்குறப்ப மட்டும் எப்படி முடியுது? எல்லாம் கொழுப்பு." காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். குடி ஒரு நோய் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வந்து விழும் பதில் இதுதான். படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, மாலை போட்டவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். விடியுமுன் குளியல். ஊரே சாமி என்று கூப்பிடுகிறது. சாயந்தரம் பஜனை, பக்கத்தில் இன்னும் நாலு சாமிகள். நேற்றுவரை கட்டிங்குக்குப் பங்கு கேட்ட கூட்டாளி இன்று கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடப்பவனும் அப்படித்தான், எந்நேரமும் ஆள் சூழ நடக்கிறான், ஆள் சூழப் படுக்கிறான். மாலையைக் கழற்றிய அன்றைக்கே இத்தனையும் ஒட்டுமொத்தமாகப் போய்விடுகிறது. மூளையில் பதிந்த வேட்கை மட்டும் போகவில்லை. மாதக்கணக்கில் தொடாதவனுக்கும் அது அப்படியே கிடக்கும். பழைய கடை வாசல், சம்பளம் வாங்கிய சனிக்கிழமை, ஒரு சண்டை, ஏதாவது ஒன்று போதும் அதைக் கிளப்ப. ஆக, அந்த 48 நாள் அவனுடைய கொழுப்பைக் காட்டவில்லை. கூட ஆள் இருந்தால் அவனால் முடியும் என்பதைத்தான் காட்டுகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாகி, குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதே அடிப்படையில்தான். அந்தத் துணைக்கு மட்டும் மண்டலக் கணக்கு கிடையாது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் வேறு. "மனசு வச்சா விடலாம்" என்ற நம்பிக்கை ஆளைக் கொல்கிறது.

மூளையில் காபா என்ற வேதிப்பொருள் அடக்கி வைக்கும் வேலையையும், குளுட்டமேட் கிளப்பிவிடும் வேலையையும் பார்க்கின்றன. சாராயம் காபாவுக்குக் கைகொடுத்துக் குளுட்டமேட்டை அமுக்குகிறது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தால் மூளையும் ஈடுகொடுத்தாக வேண்டுமே, காபாவின் வேலையைக் குறைத்துக் குளுட்டமேட்டைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலைக்கு வந்தவன் திடீரென்று நிறுத்தினால் அமுக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. முதலில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் மனக்குழப்பம் வரும். உடம்பில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் அடிக்கும். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

இந்த நேரத்தில் நம் ஊரில் என்ன நடக்கிறது? எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கா பஞ்சம், ஒன்றைத் திறந்து உள்ளே தள்ளிப் பூட்டுகிறார்கள். "மூணு நாள் கிடந்தா தெளிஞ்சிரும்." மூன்றாம் நாள் அவர் பினாத்த ஆரம்பித்ததும் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஆள் தேடுகிறார்கள். இல்லையென்றால் என் கடைக்கு வந்து "தூங்குற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க" என்கிறார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் அதே வகை மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். ஆனால் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து, அளவைக் கூட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1-ஐ ஊசியாகவும் போடுவார்கள். பல நாள் சோறு தண்ணி இல்லாமல் குடித்தவனுக்கு அது போயே போயிருக்கும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் பாழாகிவிடும்.

2020 ஏப்ரலில், ஊரடங்கில் மதுக்கடைகள் மூடிக் கிடந்தபோது, பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அதைக் கொழுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (மதுக்கடைகளை மூட வேண்டுமா என்பது தனி விவாதம். எதை மூடினாலும் ஏற்கெனவே நோயில் விழுந்தவனுக்கு வைத்தியம் வேண்டும்.)

இன்னொரு விஷயம். கடை சாத்தும் நேரமாகப் பார்த்து வருவார்கள், பெரும்பாலும் வயதான ஆச்சிமார்கள். மற்றவர்கள் போகட்டும் என்று இருமல் மருந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மெதுவாக, "தம்பி, சோத்துல கலந்து குடுத்தா தெரியாதாமே, அந்தத் தூள் இருக்கா?" மகனுக்காகத்தான் கேட்கிறார்கள், ஆனால் மகன் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். விளம்பரம் செய்து விற்கும் தூள்களில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்த மருந்தான டைசல்பிராமைக்கூட ரகசியமாகக் கொடுக்கக் கூடாது. 1948-இலிருந்து குடிநோய்க்குப் பெயர்பெற்ற மருந்து அது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், இதயம் பலவீனமானவருக்கு அதுவே முடிவாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு. தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுப்பவருக்கான மருந்து அது. வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்றும் மருந்துகள் இருக்கின்றன. இவ்வளவு இருக்க, ஒரு தாய் கடை சாத்தும் நேரத்தில் தூள் தேடி வர வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாம் வெட்கத்தால். ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். இனிப்பான கவுனி அரிசி பரிமாறி வந்தபோது, "அவுகளுக்கு வைக்காதீக, சுகர் இருக்கு" என்று நாலு இலை தள்ளியிருந்து குரல் வந்தது. அவரும் சிரித்தபடி கையை இலைமேல் மறைத்தார். யாருக்கும் அதில் கேவலம் இல்லை. அதே வீட்டில் குடிநோய் வந்த தம்பி பந்திக்கே வரவில்லை. கேட்டவர்களுக்கு, "வேலையா வெளியூரு போயிருக்கான்." வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், அதனால் மறைக்கிறோம். மறைத்துக் கட்டிவைத்தால் அவனும் சரியாகிவிடுவான் என்று நம்புகிறோம். வந்த பெண்ணின் தலையில் சுமையை இறக்கிவைப்பது தவிர அதில் வேறொன்றும் நடப்பதில்லை.

அந்தப் பெண்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: "நோய்னு சொல்லிட்டா, அடிச்சதும் நகையை வித்ததும் இல்லன்னு ஆயிருமா?" ஆகாது. அடி அடிதான், அதற்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். பொறுத்துப் போ என்று அவளிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளோடு தாய்வீடு போவதும் சரியான முடிவுதான். நோய் என்று நான் சொல்வது அவனை வைத்தியத்துக்கு அனுப்ப, அவளை அங்கே கட்டிப்போட அல்ல. சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். பெரிய குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை, அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அவர்தான் 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார், இன்றைய டிடிகே மருத்துவமனை அப்படி வந்தது. குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடியை நோய் என்று ஏற்றுக்கொண்டது. இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளைச் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆனாலும் 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேருக்கு நாம் சத்தியம் வாங்குகிறோம், கயிறு கட்டுகிறோம், பூட்டி வைக்கிறோம்.

கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். திரும்பக் குடித்துவிட்டால், ரத்தக்கொதிப்பு ஏறினால் போவது போல மறுபடியும் போக வேண்டியதுதான். வர மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் 14416-க்கு நீங்கள் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஆச்சிமார்கள் கடை சாத்தும்வரை காத்திருக்க வேண்டாம், பகலிலேயே வாருங்கள், எண்ணைப் போட்டுப் பேச நான் உதவுகிறேன்.