கழுத்தில் பாம்பைப் போட்டுப் படம் எடுத்தால் அது வகுப்பு ஆகிவிடாது

கோடை முகாம், குழந்தைகள் தினம், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா, ஏழாவது பிறந்தநாள். சென்னையில் இப்போது எல்லாவற்றுக்கும் ‘எக்ஸாட்டிக் அனிமல் ஷோ’, அதாவது அயல்நாட்டுப் பிராணிகளைக் கொண்டு வந்து காட்டும் நிகழ்ச்சி, வந்துவிட்டது. நாலு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு கிளி ஸ்டாண்ட். பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு, இக்வானா என்ற பெரிய பல்லி, சுகர் கிளைடர் என்ற மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும் குட்டி விலங்கு, மக்காவ் என்ற பெரிய கிளி. பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், ஆளுக்குப் பத்து விநாடி, ஒரு போட்டோ, அடுத்த ஆள். பில்லில் மட்டும் ‘கல்வி நிகழ்ச்சி’ என்று இருக்கும்.

இதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. உயிருள்ள பிராணியைப் பக்கத்தில் பார்ப்பதற்கு எந்த வீடியோவும் ஈடாகாது. ஆனால் தொட்டுப் பார்த்த பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

பால் பைத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. நஞ்சு கிடையாது. பயந்தால் பெரும்பாலும் கடிக்காது, தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் எல்லா ஷோவிலும் அது இருக்கிறது. பருத்த குட்டை உடம்பு, பழுப்பில் திட்டுத் திட்டாகக் கோலம், அசையாமல் கிடக்கும் குணம். இதே அடையாளங்களோடு நம்மூரில் ஒரு பாம்பு உண்டு: கண்ணாடி விரியன். புறநகரில் புதர் மண்டிய காலி மனையில், செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கும். ‘இந்த மாதிரிப் பாம்பு ஒன்றும் செய்யாது, தடவலாம்’ என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வித்தியாசத்தைச் சொல்லாமல் பெட்டியை மூடினால் அந்தப் பிள்ளையை ஆபத்தில் விட்டதாகத்தான் அர்த்தம். விரியனுக்கு முதுகிலும் இரு பக்கத்திலுமாக மூன்று வரிசை, சங்கிலி கோத்தது போல நீள்வட்டப் புள்ளிகள். முக்கோணத் தலை. சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல நீளமாகக் கேட்கும். சென்னையில் நடக்கும் எந்தப் பாம்பு நிகழ்ச்சியிலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் படங்களும், கூடவே அநியாயமாக அடிபட்டுச் சாகும் சாரை, தண்ணீர்ப் பாம்பு படங்களும் கட்டாயம் இருக்க வேண்டும். இது இல்லாத ஷோவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தொடாமல் கற்பிக்க முடியாதா என்றால், முடியும். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நஞ்சு எடுத்துக் காட்டுவார்கள். பார்ப்பவர் கையில் பாம்பைத் தருவதில்லை. பார்த்தவர் யாரும் அதை மறந்ததும் இல்லை.

தொடத்தான் வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கிறது. தலைப்பக்கம் எப்போதும் கொண்டு வந்தவர் கையில். பிள்ளை இரண்டு விரலால், உடம்பின் பின்பாதியில், தலையிலிருந்து வால் நோக்கி மட்டும் தடவலாம். பாம்பின் உடலைக் குறைந்தது இரண்டு இடத்தில் தாங்க வேண்டும். கழுத்தில் போடவே கூடாது. இரை தின்று 48 மணி நேரம் ஆகாத பாம்பைத் தூக்கினால் கக்கிவிடலாம். அது பாம்புக்குப் பெரிய பாதிப்பு. சட்டை உரிக்கும் முன் கண் பால்போல நீலம் பூத்திருக்கும். சரியாகப் பார்வை தெரியாத அந்த நாட்களில் வெளியே கொண்டு வரவே கூடாது. கையில் சிக்கன் பிரியாணி வாசம் இருந்தால் பாம்பு இரை என்றே நினைக்கலாம், ஆகவே தொடும் முன்பும் கை கழுவ வேண்டும். இக்வானாவின் வாலைப் பிடித்து இழுத்தால் அறுந்து கையோடு வரலாம். ஒரு பிராணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், பிறகு பெட்டிக்குள் ஓய்வு. ஸ்பீக்கர் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள். அதிர்வு தரை வழியாகப் பாம்புக்குப் போகும்.

‘எவ்வளவு சாந்தமா இருக்கு பாருங்க’ என்று மேடையில் சொல்வார்கள். ஏசி அரங்கில் 20 டிகிரி. பால் பைத்தானின் கூண்டில் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். குளிரில் ஊர்வனவற்றின் உடம்பு மந்தமாகிவிடும், அதைப் போய்ச் சாந்தம் என்கிறார்கள். மே மாதம் என்றால் கதை நேர்மாறு: ஏசி அணைத்து மூடிய காரில் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் செத்திருக்கும். சுகர் கிளைடரோ இரவில் விழித்திருக்கும் விலங்கு. பகலில் பையிலிருந்து எடுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் போடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அது பயத்தில் போடும் சத்தம்.

சுகாதாரத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆமை, பல்லி, பாம்பு எல்லாம் பார்க்க ஆரோக்கியமாக இருந்தபடியே குடலில் சால்மோனெல்லா சுமக்கலாம். சின்ன ஆமைகளால் பிள்ளைகளுக்கு நோய் வந்ததால்தான், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975இல் தடை போட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தொட வேண்டாம். சானிடைசர் மட்டும் போதாது. சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி. சாப்பாட்டுக் கூடத்தில் ஷோ வைக்காதீர்கள், கேக் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

கடைசியாகக் காகிதம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். 2024இல் விதிகளும் வந்துவிட்டன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு. பால் பைத்தான், இக்வானா, மக்காவ் மூன்றும் இதில் அடங்கும். அதே சட்டத்தில் மிருகக்காட்சிசாலை என்பது ஒரே இடத்தில் இருப்பதையும் குறிக்கும், இடம் மாறிக்கொண்டே இருப்பதையும் குறிக்கும். நடத்த மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். பெட்டியில் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தால் பேச்சே தேவையில்லை, இரண்டும் நம்மூர்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

புக் செய்யும் முன்பே பதிவுச் சான்றின் நகலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் இருக்கும் இனமும் போஸ்டரில் இருக்கும் இனமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ‘அதெல்லாம் பக்காவா இருக்கு சார், ஷோ அன்னிக்குக் காட்டுறேன்’ என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.