வழியிலதானே இருக்கு, அஞ்சே நிமிஷம்!

இன்னிக்குக் காலைல சட்னிக்குத் தேங்கா திருவிட்டு இருக்கேன், பெரிய மாமா போன். "ஏம்மா, சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மூணு அம்மன் கோயிலுக்குப் போனது கணக்குல சேராதாம். குருக்கள்கிட்டயே கேட்டுட்டேன். வர்ற பௌர்ணமி ஞாயித்துக்கிழமைதான். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மூணு அம்மனையும் இன்னொரு வாட்டி பாத்து முடிச்சிருவோம். அதே வேன்காரர்கிட்ட சொல்லிட்டேன். புளியோதரைய நீயே பண்ணிடு, போன வாட்டி நல்லா இருந்துச்சு."

சேராதாம்!

நடுராத்திரில எழுந்து அண்டா நிறையக் கிளறின புளியோதரை சேரும். வேன்ல வாந்தி எடுத்த சின்னவனோட சட்டைய நடுரோட்ல நின்னு பாட்டில் தண்ணில அலசினது சேரும். வாடகைல எங்க பங்கு ரொம்ப நல்லாவே சேரும். போய்ட்டு வந்தது மட்டும் சேராது.

முழு ஆண்டு லீவு விட்டா நம்ம வீடுங்கள்ல என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கோயம்புத்தூர்லேர்ந்து நாத்தனார் குடும்பம், ஆரணிலேர்ந்து சின்ன அத்தை, எல்லாரும் தண்டையார்பேட்டைல எங்க வீட்லதான் ஜாகை. அத்தனை பேரும் பக்திமான்கள். செவ்வாக்கெழம ஆனா சிறுவாபுரி. ஆறு செவ்வா போய் முருகனப் பாத்தா சொந்த வீடு அமையும்பாங்க. சரி, நாங்க வாடகை வீட்ல இருக்கோம், போறோம். கூட வர்ற நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஊர்ல மாடி வீடு இருக்கு, கீழ் போர்ஷன வாடகைக்கு விட்டிருக்காரு. அவரு எதுக்கு வர்றாரு? மொட்டை மாடிக்கு மேல இன்னொண்ணு கட்டவா?

பசங்க பாவம், லீவு விட்டதுலேர்ந்து வண்டலூர் ஜூ, வண்டலூர் ஜூன்னு கேட்டுட்டே இருக்குதுங்க. "செவ்வாக்கெழம ஜூ லீவு கண்ணு"ங்கறாங்க அத்தை. உண்மைதான், செவ்வா லீவுதான். மிச்ச ஆறு நாள் அந்தப் புலி சும்மா உக்காந்திருக்கே, அது யாருக்கும் ஞாபகம் வராது. ஏன்னா அந்த ஆறு நாளும் சொந்தக்காரங்க வீடு.

இதுல கோயம்புத்தூர்க்காரருக்கு வேற ஒரு ஆசை. "காசிமேடு பக்கத்துல இருந்துட்டு ஒரு வஞ்சிரம் கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்களே"ன்னாரு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைங்க, விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்குதுன்னு சொன்னேன். நம்பல. நானே ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சிட்டாரு போல. அதுவும் வீடே விரதத்துல இருக்கறப்ப, வெங்காயம் கூட நறுக்கக் கூடாதுன்னு அவரு பொண்டாட்டியே உத்தரவு போட்ட அன்னிக்கு!

சரி, அந்த நாளுக்கு வர்றேன். சித்ரா பௌர்ணமி, வெள்ளிக்கெழம, மே தின லீவு. மூணும் ஒண்ணா வந்தா பெரிய மாமா சும்மா இருப்பாரா? காலைல மேலூர் திருவுடையம்மன், உச்சில திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி. பௌர்ணமி வெள்ளில மூணு பேரையும் ஒரே நாள்ல பாத்தா விசேஷம். நல்ல வழக்கம்தான். ஆனா ஒண்ணு மீஞ்சூர் பக்கம், ஒண்ணு கடலோரம், ஒண்ணு அம்பத்தூர் தாண்டி. இத ஆரம்பிச்ச பெரியவங்க காலத்துல மணலி ரோட்ல கண்டெய்னர் லாரி கெடையாது. எங்க குடும்பத்துல இச்சை முழுக்கப் பெரிய மாமாவுக்கு, கிரியை முழுக்க எனக்கு, ஞானம் இந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் வரல.

மேலூர்ல ஒரு கொறையும் இல்ல. நல்ல தரிசனம். அங்கேயே நிறுத்திட்டு மீஞ்சூர்ல ட்ரெயின் ஏறி வீட்டுக்கு வந்திருந்தா குடும்பமே பொழச்சிருக்கும். வெளிய வந்து செருப்பு மாட்டறதுக்குள்ள முதல் "வழியிலதானே" வந்துச்சு. மீஞ்சூர்ல சம்பந்தி வழில யாரோ. நான் கல்யாணத்துல ஒரு வாட்டி பாத்திருக்கேன், அவங்க என்னைப் பாத்ததா ஞாபகமே இல்லன்னு அவங்களே சொன்னாங்க. ஆளுக்கொரு டம்ளர் ஆரஞ்சு கலரு. "என்னம்மா இப்பிடி எளைச்சிட்டே?" அதே வாய், அதே மூச்சு, என் பொண்ணப் பாத்து, "இவ என்ன இப்பிடி ஊதிட்டா?"

திருவொற்றியூர் வந்து சேந்தோம். எனக்கு வடிவுடையம்மன் மேல கோவம் எதுவும் இல்லன்னு இங்கயே சொல்லிடறேன். நான் பொறந்து வளந்ததே தேரடிலதான். 2022 மார்ச்ல தேரடி மெட்ரோ ஸ்டேஷன் தொறந்ததுலேர்ந்து, சாதாரண நாள்ல சாயங்காலம் தனியா ஏறி, அங்க எறங்கி, அவ முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடுவேன். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அடுத்த வாட்டி வேன் வந்துடும்.

அந்தக் கோயில்ல 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கம் இருக்கு, தெரியும்ல? ஆளாளுக்கு அவங்கவங்க நட்சத்திரத்தத் தேடிப் போய் நின்னாங்க. சரி. அப்புறம் வராதவங்க நட்சத்திரம். பஹ்ரைன்ல இருக்கற பையன் பூராடம், அவன் பொண்டாட்டி ஆயில்யம், அவளுக்குப் பொறக்கப்போற கொழந்தைக்கு உத்தேசமா ஒண்ணு. சின்ன அத்தைக்கு அவங்க நட்சத்திரமே அவிட்டமா சதயமான்னு சந்தேகம் வந்து, ஆரணிக்குப் போன் போட்டு ஜாதகத்த எடுத்துப் படிக்கச் சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு லிங்கத்துக்கும் வெளக்கு போட்டாங்க.

பெரிய மாமா மகிழ மரத்தடில பசங்களை நிக்க வெச்சு சுந்தரர் கதை சொன்னாரு. சங்கிலி நாச்சியாரக் கட்டிக்கறதுக்காக, இந்த ஊர விட்டுப் போக மாட்டேன்னு சுந்தரர் இந்த மரத்தடிலதான் சத்தியம் பண்ணாரு, அத மீறித் திருவாரூர் கெளம்பினாரு, ரெண்டு கண்ணும் போச்சு, சத்தியத்த மீறக் கூடாதுடா கண்ணுங்களா. ரொம்ப உருக்கமா சொன்னாரு. சொல்லி முடிச்சிட்டு, அதே மரத்தடில நின்னு, கைல விபூதியோட, "கொருக்குப்பேட்டைல எங்க அத்தை பொண்ணு வீடு. வழியிலதானே இருக்கு, அஞ்சே நிமிஷம்"னாரு.

கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காரு.

மேப்பு தெரிஞ்சவங்க சொல்லுங்க. திருவொற்றியூர்லேர்ந்து திருமுல்லைவாயிலுக்கு மணலி, மாதவரம்னு மேக்கால போவீங்களா, கொருக்குப்பேட்டைக்குத் தெக்கால எறங்குவீங்களா? வேன் எங்க தெரு முனையத் தாண்டித்தான் போச்சு. எங்க மொட்டை மாடில காயப்போட்ட வத்தல் கூடத் தெரிஞ்சுது. எறங்கிடவான்னு வீட்டுக்காரரப் பாத்தேன். அவரு ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

அப்புறம் அந்த ரயில்வே கேட்டு. கேட்டுல நின்னவங்களுக்கு நான் விளக்க வேணாம், நிக்காதவங்களுக்கு விளக்கவும் முடியாது. நாங்க போகவும் மூடறாங்க. அக்னி நட்சத்திரம் இன்னும் பொறக்கவே இல்ல, ஆனா வேனுக்குள்ள பொறந்து தவழ்ந்துட்டு இருக்கு. ஏசி இருக்குன்னு சொல்லித்தான் பேசினாராம், சுவிட்சு இருக்கு, காத்து வரல. ஒரு கூட்ஸ் போச்சு. பசங்க பெட்டிய எண்ண ஆரம்பிச்சு, சண்ட வந்து, முதல்லேர்ந்து எண்ணணும்னு ஒருத்தன் அழறான். கேட்டு தொறக்கல. எதிர்ப்பக்கம் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின். தொறக்கல. சைக்கிள்காரங்க குனிஞ்சு போறாங்க, மீன் கூடைய எறக்காமலே ஒரு ஆயா குனிஞ்சு போவுது, நாங்க மட்டும் பட்டுப்புடவைல வெந்துட்டு இருக்கோம். மறுபடி ஒரு கூட்ஸ், அதுவும் பாதில நின்னுடுச்சு. பெரிய மாமா எறங்கிப் போய் வெள்ளரிப்பிஞ்சு பேரம் பேசறாரு. பத்து ரூபா கொறைக்க அந்தம்மாகிட்ட அவங்க ஊரு, குலதெய்வம் வரைக்கும் விசாரிக்கறாரு.

கேட்டு தொறந்துச்சு! இந்தப் பக்கம் வண்டி ரோடு முழுக்க, அந்தப் பக்கமும் ரோடு முழுக்க, நடுவுல தண்டவாளம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கெளம்பி, மூஞ்சிக்கு மூஞ்சி முட்டி நிக்குது. ஹாரன். பெரிய மாமா இன்னும் சில்லறை வாங்கிட்டு இருக்காரு. அவரு ஏறி, கதவ சாத்தி, டிரைவர் முதல் கியரப் போடறப்ப, மறுபடி மணி அடிக்குது. கேட்டு எறங்குது.

டிரைவர் தம்பி என்கிட்ட மெதுவா கேட்டாரு: "அக்கா, நாம இன்னிக்குத் திருமுல்லைவாயில் போறோமா இல்லியா?"

அந்த அத்தை பொண்ணு வீட்டுக்குப் போனா, அவங்களுக்கு நாங்க வர்றதே தெரியாது. பாவம், தலைல எண்ணெ வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. எங்களப் பாத்துட்டுத்தான் அரிசியே களைஞ்சாங்க. வேணாம்னு நான் சொல்ல, "பெரியவங்க வந்திருக்காங்க, சாப்டாம அனுப்பினா எனக்கு மனசு ஆறுமா"ன்னு அவங்க சொல்ல, வேன்ல அண்டால புளியோதரை இருக்குன்னு நான் சொல்ல, அதையும் எறக்கச் சொல்லிட்டாங்க. அவங்க சாம்பார் கொதிக்கறதுக்குள்ள என் புளியோதரைய எல்லாரும் தின்னு தீத்தாங்க, அப்புறம் மரியாதைக்கு சாம்பார் சாதமும் சாப்பிட்டாங்க, அப்புறம் உண்ட மயக்கம்னு பெரிய மாமா ஃபேனுக்கு நேரா படுத்துட்டாரு. நான் பாத்திரம் தேய்ச்சுக் குடுத்தேன். காதுகுத்து ஆல்பம் பாத்தேன். மொத்த ஆல்பமும். கெடா வெட்டின பக்கத்துல மட்டும் விரதம்னு கண்ண மூடிக்கிட்டேன்.

பட்டினத்தார் எல்லாத்தையும் விட்டுட்டுக் கோவணத்தோட கெளம்பி ஊர் ஊரா சுத்தி, கடைசில எங்க திருவொற்றியூர் கடலோரத்துலதான் அடங்கினாரு. காதற்ற ஊசியப் பாத்துத்தான் அவருக்கு ஞானம் வந்துச்சுன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ அவரு வீட்டுக்கும் லீவுல ஆளுங்க வந்திருப்பாங்கன்னு தோணுது.

சாயங்காலம் கெளம்பி, பெரம்பூர்ல இன்னொரு "வழியிலதானே". அத நான் எழுத மாட்டேன். எழுதினா பிபி ஏறும். காபி குடிச்சோம், அவ்ளோதான்.

வட திருமுல்லைவாயில் போய்ச் சேந்தப்ப ராத்திரி பத்தத் தாண்டிடுச்சு. கதவு சாத்தியாச்சு. வாசல்ல கற்பூரம் ஏத்தினோம். எனக்கு அந்தக் கோயில்ல பெரியவனுக்குக் காட்டணும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, அந்த நந்தி. பெரும்பாலும் சிவன் கோயில்ல நந்தி சாமியப் பாத்து உக்காந்திருக்கும். இங்க தொண்டைமான் ராஜாவுக்குச் சண்டைல துணைக்குப் போகத் தயாரா, சாமிக்கு முதுகக் காட்டி வாசலப் பாத்து இருக்கும். கெளம்பணும்னா கெளம்பத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த ஊர்லயே அவருதான், அவரையும் பாக்க விடல. பெரியவன் தூங்கி என் தோள்ல எச்சி வழிஞ்சிட்டு இருந்தான்.

இத்தனைக்கும் அப்புறம், நேத்து குடும்ப குரூப்ல நாத்தனார் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்ருக்காங்க: "அண்ணி பாவம், பசங்கள எங்கயும் வெளிய கூட்டிட்டுப் போக அவங்களுக்கு நேரமே இல்ல." பெரிய மாமா அதுக்குக் கும்பிடு பொம்மை போட்ருக்காரு. என் வீட்டுக்காரரும் போட்ருக்காரு!!

இதெல்லாம் கூடப் பரவால்ல. ஸ்கூல்ல லீவுக்கு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க பாருங்க, அதுதான் என்னை அறுக்குது. லீவுன்னா லீவு விடுங்களேன்யா! தெர்மாகோல்ல சூரியக் குடும்பம் செய்யணுமாம். நாலாங்கிளாஸ் பையன் தெர்மாகோல உருண்டையா அறுப்பானா? நான்தான் அறுத்தேன். வீடு பூரா வெள்ளை உருண்டை, ஃபேனப் போட்டா சாம்பார்ல விழுது. சனிக்கு வளையம் ஒட்டி, ராத்திரி ஒரு மணிக்கு முடிச்சுக் காய வெச்சேன். காலைல அத்தை வந்து மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டு, ரொம்ப அக்கறையா கேக்கறாங்க, "ஏம்மா, ராகு கேதுவ விட்டுட்டியே, புள்ள படிப்பு என்னாவறது?"

ரெண்டு உருண்டை மிச்சம் இருந்துச்சு. கறுப்பு பெயின்ட் அடிச்சு ஒட்டிட்டேன். மிஸ்ஸு ஏதாவது கேட்டா பெரிய மாமா நம்பரக் குடுத்துடுவேன்.