ஜாப் என்பது துண்டு வேலை

"ஜாப் கிடைச்சிருச்சா?" என்று நாம் கேட்கும்போது மாதச் சம்பளம், பி.எஃப்., ஓய்வு வயது எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அதன் பழைய பொருள் இதற்கு நேர் எதிரானது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஜாப் ஆஃப் ஒர்க்' என்றால் எடுத்தோம், முடித்தோம் என்று தீர்ந்துபோகிற ஒரு துண்டு வேலை.

வேர் இன்றும் உறுதியாகவில்லை. கட்டி, உருண்டை என்று பொருள்படும் 'காப்' (gob) என்ற ஆங்கிலச் சொல் திரிந்து வந்திருக்கலாம் என்பது ஊகம்தான். சாமுவேல் ஜான்சன் தன் 1755 அகராதியில் இதைத் தாழ்ந்த சொல் என்று குறித்து, எங்கிருந்து வந்தது எனச் சொல்ல இயலவில்லை என்றும் எழுதினார். சம்பளப் பதவி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. (பைபிளின் யோபுவுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான். உறவு கிடையாது.)

பழைய பொருள் நம் தெருவில் இன்னும் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் 'ஜாப் டைப்பிங்' பலகை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. திருப்பூரில் 'ஜாப் ஒர்க்': சரக்கு ஒருவருடையது, வேலைப்பாடு இன்னொருவருடையது. நிட்டிங்குக்கும் (நூலைப் பின்னித் துணியாக்குவது) சாயத்துக்கும் கிலோ கணக்கு, தையலுக்கு பீஸ் கணக்கு.

'ஜாப் ஒர்க்' என்பதை 'வேலைப் பணி' என்று மொழிபெயர்ப்பது தவறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் சரியான தமிழை எப்போதோ கண்டுவிட்டார்கள்: 'கூலிக்கு நெசவு'. பாவு நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, தறியும் உழைப்பும் இவர்களுடையது. 2017 ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 2(68) சொல்வதும் அதுவே: பதிவுபெற்ற இன்னொருவருக்குச் சொந்தமான சரக்கின்மேல் செய்து தரும் வேலைப்பாடு.

பொருள் புரியாவிட்டால் பணம் போகும். அதே சட்டத்தின் பிரிவு 143இன்படி வரி கட்டாமலே சரக்கை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பலாம். ஆனால் மூலப்பொருள் 1 ஆண்டுக்குள், இயந்திரம் 3 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது வேலை செய்த இடத்திலிருந்தே முறைப்படி விற்கப்பட வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே கைமாறியதாகக் கணக்கு. வரியோடு வட்டியும் சேரும். வார்ப்பு அச்சு, டை (die, வடிவம் தரும் அச்சு) போன்றவற்றுக்கு இந்தக் கெடு இல்லை.

தகராறு பெரும்பாலும் எடையில்தான் வரும். 100 கிலோ நூல் கொடுத்தால் 100 கிலோ துணி திரும்பாது. நிட்டிங்கிலும் பிளீச்சிங்கிலும் (வெளுப்பதிலும்) எடை குறையும். எத்தனை சதவீதக் கழிவு, அது யார் கணக்கு என்பதைக் கூலி பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். டெலிவரி சலானில் 'துணி, 10 ரோல்' என்று மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ரோலுக்கும் எடை வேண்டும்.