பழைய கணினியையே நாம் படிக்கவில்லை

விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்று தொடங்கிய புலம்பல் மொரீஷியஸில் எனக்குத் தெரிந்த வட்டத்தில் இன்னும் ஓயவில்லை. என் வட்டம் என்றால் தமிழ் ஆசிரியர்கள், கோவில் நிர்வாகக் குழுவினர், காவடி அழைப்பிதழ் முதல் கருமாதி அறிவிப்பு வரை தமிழில் தட்டச்சு செய்து தரும் சில பொறுமைசாலிகள். விண்டோஸ் 11-க்குப் போனவர்கள் ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று குறைபடுகிறார்கள். போக முடியாதவர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போடச் சொல்கிறார்களே என்று கொதிக்கிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான பல்லவி ஒன்று உண்டு: "இந்த வயதில் இன்னொரு இயங்குதளத்தை எங்கே போய்க் கற்பது?"

இந்தப் பல்லவியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதில் எழும். சிலருக்கு அது கசக்கும், பரவாயில்லை. புதிய இயங்குதளத்தைக் கற்க முடியவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பழைய இயங்குதளத்தையும் கற்றதில்லை. எந்தப் படம் எந்த மூலையில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். படம் இடம் மாறியதும் கைகால் ஓடவில்லை.

இந்த மனப்பாடம் எப்படி இருக்கும் என்று என்னைப் போன்ற தமிழ் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் கிரியோல் பேசி வளரும் பிள்ளை, புத்தகத்தில் யானைப் படம் இருக்கும் பக்கத்தைத் தடையில்லாமல் 'வாசிப்பான்'. அதே வரியைக் கரும்பலகையில் எழுதினால் விழிப்பான். அவன் வாசித்தது எழுத்தை இல்லை, பக்கத்தை. கணினி முன் உட்காரும் நம் பெரியவர்களின் நிலை இதுதான். குற்றம் அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். 'இங்கே அழுத்து, அப்புறம் அங்கே அழுத்து' என்றுதான் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தோம். அவர்களும் அழுத்தினார்கள்.

எங்கள் கோவில் மண்டபத்தில் மாலைத் தமிழ் வகுப்புக்கென்று சில கணினிகள் இருக்கின்றன. எபேன் பக்கம் ஓர் அலுவலகம் புதிது வாங்கியபோது கொடுத்த பழையவை. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும் என்கிறது அது. எட்டாம் தலைமுறை வெளிவரத் தொடங்கியதே 2017-இல்தான். எங்களுடையவை அதற்கு முந்தியவை. கணக்கு எழுதவும் கடிதம் தட்டவும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் காட்டவும் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10-க்கு ஓராண்டு கூடுதல் தவணை கிடைக்கும் என்றார்கள். அதன் பிறகு? ஆகவே என் அக்காள் மகனைக் கூப்பிட்டு லினக்ஸ் மின்ட் போட்டோம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம். அதன்மேல் பலர் பலவிதமாகக் கட்டியிருக்கிறார்கள். அவற்றுள் உபுண்டு 2004-இல் வந்தது, தொடங்கியவர் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த், நம் கடல் பக்கத்துக்காரர். உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006-இல் வந்தது மின்ட். காசு கிடையாது. பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். ஒரு பொருளை வாங்கும் முன் இவ்வளவு தூரம் உரசிப் பார்க்க எந்தக் கடைக்காரர் விடுகிறார்?

மின்ட் ஏறிய கணினியின் முன் முதலில் உட்கார்ந்தவர், பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை 'ஐயா' என்றுதான் அழைப்போம். கோவிலின் பழைய விழா மலர்களில் பாதி அவர் தட்டச்சு செய்தவை. உட்கார்ந்ததும் கேட்டார், "சி டிரைவ் எங்கே அம்மா?"

லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று இல்லை. உங்கள் பெயரில் ஓர் 'ஹோம்' கோப்புறை இருக்கும், அதற்குள் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் என்று தனித்தனி. பென் டிரைவைச் செருகினால் அது இடப்பக்கப் பட்டியலில் தானாக வந்து நிற்கும். இதைச் சொல்லிவிட்டு நான் கேட்டேன், "ஐயா, உங்கள் வீட்டுக் கணினியில் சி டிரைவைத் திறந்து எதையாவது வைத்திருக்கிறீர்களா?" யோசித்துவிட்டு, இல்லை, எல்லாம் முகப்புத் திரையில்தான் என்றார். அந்த முகப்புத் திரையும் ஒரு கோப்புறைதான், அது சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. திரையில் தெரிவதெல்லாம் 'வெளியே' இருக்கிறது, சி டிரைவ் 'உள்ளே' இருக்கிறது என்று நினைத்திருந்தார். கோப்பு என்பது ஓர் இடத்தில் இருக்கும் பொருள், அதற்கு ஒரு முகவரி உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டவருக்கு விண்டோஸ் ஆனால் என்ன, மின்ட் ஆனால் என்ன?

அடுத்து வந்ததுதான் பெரிய பூகம்பம். பென் டிரைவிலிருந்து ஒரு பழைய விழா மலரைத் திறந்தார். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கட்டிய குப்பை. "இது என் தமிழைத் தின்றுவிட்டது!" என்று கிரியோலில் கத்தியேவிட்டார். அக்காள் மகன் முகம் வெளிறிப்போனது.

ஒன்றும் தின்னப்படவில்லை. ஐயா பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. எப்போதோ பாரிஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்தது. அந்தக் காலத்து எழுத்துருக்களின் சூட்சுமம் இதுதான்: கோப்புக்குள் தமிழ் எழுத்தே இருக்காது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் வரவேண்டிய இடத்தில் 'அ' போன்ற படத்தையும், கே-க்குப் பதில் 'ம' போன்ற படத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவ்வளவு காலம் நான் எழுதியதெல்லாம் ஆங்கிலமா?" என்றார். ஒரு கணக்கில் ஆமாம் என்றேன். அன்று மாலை அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இதில் மின்டின் தவறு எள்ளளவும் இல்லை. புத்தம் புதிய விண்டோஸ் 11 கணினியிலும் பாமினி இல்லாவிட்டால் அதே குப்பைதான் தெரியும். உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் பொதுமுறை யுனிகோடு. அதில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000 வந்தபோதே லதா என்னும் எழுத்துருவோடு யுனிகோடு தமிழ் வந்தது. அதன் பிறகும் நாம் பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுதோம். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடிக்கிறோம், நம் கோவில் மலர்களுக்குள் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை!

தீர்வு எளிது. பாமினி எழுத்துருக் கோப்பைப் புதிய கணினியில் நிறுவினால் பழைய மலர் பழையபடி தெரியும். ஆனால் அது தற்காலிக ஒட்டு. பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் பழைய உரையை ஒட்டினால் யுனிகோடாக மாற்றித் தரும். பிறகு எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தேடினாலும் அகப்படும். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். குறிப்பாக இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் மாற்றி வினோதத் தமிழாக்கி வைத்திருக்கும்.

இனி, உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியது என்ன என்று கேட்டால் தட்டச்சு ஒன்றைத்தான் சொல்வேன். 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா' வேண்டுமா? ஆங்கிலப் பலகையில் ஏ, கே, கே, க்யூ என்ற விசைகளைத் தட்டுங்கள். அதாவது அ, ம, ம, ஆ. நடுவில் புள்ளியைத் தேடி அலைய வேண்டாம், ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே விழும். நம் இலக்கணத்தை அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருவது போல இருக்கும்.

ஆனால் மின்டில் இதற்கு ஒரு பொறி உண்டு. விசைப்பலகை அமைப்புகளின் பட்டியலைத் திறந்தால் தமிழ்99 என்று ஒன்று கண்ணில் படும், உடனே அதைச் சேர்க்கத் தோன்றும். அந்த வகை அமைப்பில் ஒரு விசைக்கு ஒரு குறிதான். முன்னால் என்ன தட்டினீர்கள் என்பதைப் பார்த்து எழுத்தைச் சேர்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும் அதோடு பல மொழிகளின் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதற்குள் இருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரான்சிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ வந்த மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அசெர்ட்டி பலகையில் ஏ-யும் க்யூ-வும் ஒன்றின் இடத்தில் ஒன்று இருக்கும். அடிப்படை அமைப்பை முதலில் க்வெர்ட்டிக்கு, அதாவது வழக்கமான ஆங்கிலப் பலகைக்கு, மாற்றிவிட்டுத் தமிழைச் சேருங்கள். இல்லையேல் அம்மாவைத் தேடி விரல்கள் ஊர்சுற்றும்.

மற்றதெல்லாம்? அநேகமாக நீங்கள் அறிந்ததே. கன்ட்ரோலோடு சி நகல் எடுக்கும், வி ஒட்டும், இசட் செய்ததை அழிக்கும், எங்கும் அப்படித்தான். விண்டோஸ் சின்னமிட்ட விசையை அழுத்திவிட்டு வேண்டிய நிரலின் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் அது வந்து நிற்கும். விண்டோஸ் 10, 11, மின்ட் மூன்றிலும் இது ஒன்றுதான். இந்த ஒரு பழக்கம் இருந்தால் ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருந்தால் என்ன, ஓரத்தில் இருந்தால் என்ன? ஓரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு விண்டோஸ் 11-இன் பணிப்பட்டை அமைப்பிலேயே இடப்பக்கம் தள்ளும் வசதியும் இருக்கிறது. லினக்ஸ் என்றதும் கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டுமே என்று பயமுறுத்துகிறவர்கள் அதைப் பத்தாண்டுகளாகத் தொட்டுப் பார்க்காதவர்கள். எங்கள் மண்டபத்தில் அந்தத் திரையை அக்காள் மகன் மட்டும்தான் திறக்கிறான், அதுவும் பெண்பிள்ளைகள் பார்க்கும்போது.

லினக்ஸ்தான் சொர்க்கம் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. மண்டபத்துப் பழைய அச்சுப்பொறி அச்சிடுகிறது, ஆனால் ஸ்கேன் செய்ய மறுக்கிறது. வேர்டில் கட்டம் கட்டமாகச் செய்த படிவங்களை, மின்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் சில வேளை வரிகள் இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படுவதால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதாகத் தோன்றிக் குழம்புவோரும் உண்டு. அலுவலகத்தில் வேர்டும் எக்செலும் தவிர வேறு எதையும் ஏற்காத இடத்தில் வேலை செய்பவர், கணினியும் தகுதியானது என்றால் விண்டோஸ் 11-க்கே போகட்டும். எனக்கு அதில் சண்டை இல்லை. எதற்குப் போனாலும் இம்முறையாவது படித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் வழக்கு.

என் கோபமெல்லாம் சொல்லிக்கொடுக்க வரும் இளசுகள் மேல்தான். பாட்டி ஏதோ கேட்பார். பேரன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்து, மவுஸைப் பிடுங்கி, படபடவென்று நாலு இடத்தில் அழுத்தி, "முடிந்தது" என்று போய்விடுவான். பாட்டிக்கு முடியவில்லை, அவனுக்குத்தான் முடிந்தது. அடுத்த முறையும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அப்போது அவன் சலித்துக்கொள்வான், பாட்டி "எனக்கு இதெல்லாம் வராது" என்று தன்னையே நொந்துகொள்வார். வராது என்று முடிவு கட்ட அவருக்கு யார் வாய்ப்புக் கொடுத்தார்கள்? எங்கள் வகுப்பில் இதற்காகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: சொல்லித்தருபவர் வாயால் சொல்லலாம், விரலால் திரையைக் காட்டலாம், மவுஸைத் தொடக்கூடாது. அக்காள் மகனுக்கு இது சித்திரவதை. ஐயா ஒரு கோப்புறையைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவன் நகத்தைக் கடித்தே தீர்த்துவிடுகிறான்.

ஆம், ஐயா திரும்பி வந்துவிட்டார். இப்போது பழைய மலர்களை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார், தமிழ்99-ஐத் திட்டிக்கொண்டே பழகுகிறார். பாமினியில் தன் வேகம் என்ன, இதில் நத்தை வேகம் என்ன என்று நாளொரு புகார். 'ழ' எங்கே என்று இன்னமும் கேட்கிறார். வலக்கைச் சுண்டுவிரலுக்குக் கீழே, சாய்கோட்டு விசையில் ஐயா.

சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தில் இருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் உள்ளவர்கள், மின்டைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் வரலாம். பழைய தமிழ்க் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள், எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் சேர்த்து. விண்டோஸில் அது பெரும்பாலும் சி டிரைவில், விண்டோஸ் என்ற கோப்புறைக்குள், ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும். பேரன் பேத்திகளை அழைத்து வரத் தடையில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சம்மதித்தால்.