“ஒண்ணும் ஆகாது சார், காஷ்மீர் வரைக்கும் போலாம்”

15 வயசு வண்டி. சென்னையிலிருந்து ஸ்ரீநகர், போவதற்கு மட்டுமே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். உள்ளே வயதான அம்மா அப்பா, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறைய மூட்டை. இப்படி ஒரு பயணத்துக்கு முன்னால் ஷெட்டில் என்ன நடக்கிறது? ஆயில் மாற்றுகிறார்கள். இரண்டு ஃபில்டர். வாட்டர் வாஷ். டாஷ்போர்டில் பளபளவென்று பாலீஷ். பில்லில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஒரு வரி. என்ன செக் பண்ணீங்க என்று கேட்டால், “ஒண்ணும் ஆகாது சார், காஷ்மீர் வரைக்கும் போலாம்.” இந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டிக்காரர்கள் சொல்லும் சமாதானம் அதற்கு மேல். “நம்ம வண்டி 40,000 தான் ஓடியிருக்கு, நின்னுட்டேதான இருந்துச்சு.” ஐயா, நின்றதுதான் பிரச்சினையே. ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வயசுதான் தெரியும். டயர், ஹோஸ், பெல்ட், பிரேக் ஹோஸ், ஆயில் சீல், எஞ்சின் மவுண்ட் எல்லாம் ரப்பர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் நின்ற இடத்திலேயே ஈரத்தை உறிஞ்சும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடல் காற்றில் நிற்கும் வண்டியில் பிரேக் பைப்பின் மேல் துரு தானாக ஏறும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் தண்ணீரிலோ அச்சு வரை நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் காபி நிறத்தில் வந்தால் அதே ஆயிலில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. வீல் பேரிங் கிரீஸும் அதே கதிதான்.

கூலிங் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ஷெட்டுகளில் மூன்று வேலை சர்வசாதாரணமாக நடக்கிறது. மூன்றையும் ரிப்பேர் என்று சொல்லிக் காசும் வாங்குகிறார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. ரேடியேட்டர் ஃபேனை ‘டைரக்ட்’ பண்ணுவது. ஹீட்டரை பைபாஸ் பண்ணுவது.

தெர்மோஸ்டாட் என்பது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியை 82 முதல் 88 டிகிரி வாக்கில் திறக்கும் ஒரு வால்வு. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்” என்று பிடுங்கிவிடுகிறார்கள். பல எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே இன்னொரு பக்கம் பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும்; சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஊருக்குள் எஞ்சின் வேண்டிய சூடு ஏறாமல் பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. மே மாதம் நாக்பூரில் 45 டிகிரி வெயிலில், ஏசி போட்டு, முழு லோடில் 100-ல் போகும்போது முள் சிவப்பைத் தொடும். தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்கே தேவையில்லை. ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்கு முன்பே மெல்லத் திறந்து, கொதிக்கும்போது முழுக்கத் திறந்து, ஆறியதும் மூட வேண்டும். மூடாவிட்டாலும் திறக்காவிட்டாலும் புதுசு வாங்குங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

ஃபேன் டைரக்ட் அதைவிடக் கேவலம். டெம்பரேச்சர் ஸ்விட்ச்சோ ரிலேயோ போயிருக்கும். அதை மாற்றாமல், ஒல்லி ஒயர் ஒன்றை இழுத்து, சாவி போட்டாலே ஃபேன் சுற்றும்படி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ரிலே இல்லை, பல இடங்களில் ஃபியூஸும் இல்லை. சாவி போட்டதிலிருந்து அணைக்கும் வரை சுற்றினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும், அந்த ஒயர் இன்சுலேஷன் உருகும். வண்டி தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

ஹீட்டர் பைபாஸ் சென்னைக்குள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், ஒழுகினால் இரண்டு ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்து கிளிப் போட்டு முடித்துவிடுவார்கள். காஷ்மீர் மலைப்பாதையில் பனிஹால் பக்கம் ராத்திரி ஏறும்போது ஐந்து பேர் மூச்சில் முன்கண்ணாடி பனி மூடி, எதிரே வரும் லாரியின் லைட் வெறும் வெள்ளைப் புகையாகத் தெரியும். அப்போது துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கிளம்பும் முன் ஒரு முறையாவது ஹீட்டரைப் போட்டுச் சூடான காற்று வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர். ரேடியேட்டரில் போர் தண்ணியை ஊற்றும் பழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? குடத்தில் பிடித்தாலே வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர், எஞ்சினுக்குள் கொதித்தால் எங்கே படியும்? காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் அடியில் உள்ள ரப்பர் வட்டம் தட்டுப்போல் இறுகி, விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். கழுத்துக்குள் விரல் விட்டால் செம்மண் சேறு ஒட்டிக்கொண்டு வரும். அந்த மூடி வெறும் மூடி இல்லை. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் 100-லேயே பொங்கிவிடும். அதே வெறும் தண்ணீரோடு மைனஸ் டிகிரி ஊரில் ஒரு ராத்திரி நிறுத்தினால் பனிக்கட்டியாகி விரியும், எஞ்சின் பிளாக்கே வெடிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது.

இதிலும் ஒரு தப்பு ஊர் முழுக்க நடக்கிறது. ‘ரெடி டு யூஸ்’ கூலன்ட் ஏற்கெனவே தண்ணீர் கலந்தது. அதையும் வாங்கி மறுபடி தண்ணீரில் கலக்குகிறார்கள். கலக்காமல் ஊற்றினாலும் சிக்கல்தான். ரேடியேட்டரை வடித்தாலும் பிளாக்குக்குள் கணிசமான தண்ணீர் நிற்கும், அது சேர்ந்து நீர்த்துவிடும். சரியான வழி: ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிவைத்து, தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்து, கடைசிச் சுற்று டிஸ்டில்ட் வாட்டரில். பிறகு மேனுவலில் மொத்தக் கொள்ளளவு என்ன என்று பார்த்து, 4 லிட்டர் என்றால் கான்சன்ட்ரேட் கூலன்ட் 2 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் ஜாக்கியில் தூக்கி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினைச் சூடாகவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை காற்றுக் குமிழி வெளியேற விட வேண்டும். மறுநாள் காலை மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். அரை நாள் வேலை. அரை மணியில் முடிந்தது என்று யாராவது சொன்னால், செய்யவில்லை என்று பொருள்.

பிரேக் ஆயில் பற்றிக் கேட்டால் “லெவல் இருக்கு சார்” என்கிறார்கள். லெவலைப் பற்றி யார் கேட்டது? டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. மலையிறக்கத்தில் விடாமல் பிரேக் மிதிக்கும்போது ஈரம் ஏறிய ஆயில், பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயில் 15 வருஷமாக மாறாமல் சீயக்காய்த் தண்ணீர் நிறத்தில் கிடக்கிறது. அதன் மேல் டாப்-அப் வேறு! பேட் தேய்ந்தாலோ எங்காவது ஒழுகினாலோதான் லெவல் இறங்கும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது, இருக்கிற ஒரே எச்சரிக்கையையும் அழிப்பது.

மாற்றும்போதும் கவனம் தேவை. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து ஆயிலை வெளியேற்றக் கூடாது. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் இத்தனை வருஷம் போகாத தூரத்தில் துரு பிடித்திருக்கும். ரப்பர் வாஷர் அதில் உரசிக் கிழியும், நல்ல மாஸ்டர் அன்றைக்கே காலி. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் போதும். பின்சக்கர டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அது ஒழுக ஆரம்பித்துவிட்டது.

ஸ்டெப்னி! இதை எத்தனை பேரிடம் கத்துவது? நான்கு டயரும் இரண்டு முறை மாற்றியிருப்பார்கள், ஸ்டெப்னி மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதேதான். “புதுசு சார், ரோட்டுல இறங்கவே இல்ல” என்று பெருமை வேறு. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2310 என்றால் 2010-ம் வருஷம் 23-வது வாரம். தரையைத் தொடும் பட்டன் முழுசாக, ரப்பர் முடிகூட உதிராமல் இருக்கலாம். உள்ளே ரப்பரும் கம்பி வலையும் பிரிந்திருக்கும். வெயில் ரோட்டில் 100-ல் போகும்போது தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். ஆறு வயசு தாண்டிய டயரோடு நீண்ட பயணம் கிளம்பாதீர்கள், அது ஐந்தாவது டயராக இருந்தாலும். காற்றடிக்கும் வால்வு ரப்பரின் அடியை வளைத்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் மாற்றுங்கள். சைடு வாலில் பஞ்சருக்குத் திரி குத்தியிருந்தால் அந்த டயரை இறக்கிவிடுங்கள். ஏர் கன் வைத்து முறுக்கிய வீல் நட்டை நடுராத்திரியில் டூல் கிட்டில் வந்த குட்டி ஸ்பேனரால் கழற்ற முடியாது. கிளம்பும் முன் ஒவ்வொரு வீலின் நட்டையும் கையால் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள்.

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட்டே போய்விடும். பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனர் பேரிங்கையும் வாட்டர் பம்பையும் ஆயில் சீலையும் பழசாகவே விடுவது காசை மிச்சம் பிடிப்பது ஆகாது. சீல் ஒழுகினால் புதுப் பெல்ட் ஆயிலில் ஊறி முறுக்கு இழக்கும். மாட்டிய பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்ப நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே சாவி போட வேண்டும்.

பங்க்குகளில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் லைனில் 3 பார் அழுத்தம் இருக்கும். கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸை அதில் மாட்டுவது கொலைக் குற்றம்.

இதெல்லாம் சொன்னால் வண்டிக்காரர்கள் “சனிக்கிழமை கிளம்புறோம், வியாழக்கிழமை வண்டியைத் தர்றேன்” என்கிறார்கள். இரண்டு நாளில் அவசரமாக மாட்டிய எதையும் நம்பி 3,000 கிலோமீட்டர் போக முடியாது. குறைந்தது மூன்று வாரம் முன்பே வேலையை முடியுங்கள். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஒரு பார்ட் இல்லையென்றால் வரவழைக்க நாளாகும். அவசரத்துக்குப் புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட கதவு, கண்ணாடி, பம்பர் வாங்கலாம். ஹோஸ், பெல்ட், பேட் மாதிரி ரப்பரும் உராய்வும் உள்ள எதையும் அங்கே பழசாக வாங்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஏலகிரிக்கு ஓட்டிப் பாருங்கள். போக வர 450 கிலோமீட்டருக்கு மேல், 14 கொண்டை ஊசி வளைவு. பயணத்துக்கு எடுத்துப்போகும் அதே ஆட்கள், அதே மூட்டை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். கீழே வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். முன் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தக் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் (pin) சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வீலின் பிளீடர் ஸ்க்ரூவைக் கால் திருப்புத் தளர்த்தி வீலைச் சுற்றுங்கள். உடனே லேசாகச் சுற்றினால் ஹோஸ். அப்படியும் இறுக்கமாகவே இருந்தால் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன்.