15 மார்க் வாங்கிய தம்பி

மூளைக் காயம் பட்டவருக்குச் சிகிச்சை தரும் எல்லோரும் தங்கள் குறிப்புகளை ஒருவருக்கொருவர் பகிர வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் எந்தக் குறிப்பை? மூளையில் காயம் பட்ட என் தம்பியின் டிஸ்சார்ஜ் தாளில், சுயநினைவு எந்த அளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ கோமா அளவு 15 என்று இருந்தது. 1974இல் வந்த அந்த அளவுகோல் கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றைத்தான் பார்க்கும், உச்சமே 15தான். நினைவாற்றல் அதில் வராது. காலையில் சொல்லிக்கொடுத்த பயிற்சி மதியம் அவனுக்கு மறந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதிவிட்டார். பேச்சுப் பயிற்சியாளரின் ஃபைலிலோ அந்த மறதி பற்றி ஒரு முழுப் பக்கமே இருந்தது! அப்புறம் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, நானே ஒரு நோட்டு வாங்கி, அதில் எழுதச் சொல்லி இருவரிடமும் மாறி மாறி நீட்டினேன். பயிற்சியைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் தானாகவே செய்கிறான் என்பது அப்படித்தான் பிசியோவுக்குத் தெரிந்தது.